வாரத்துக்கு ஒரு துதிக்கைத் தண்ணீர்

காட்டுக் குளத்தின் கரையில் இரண்டு குட்டை வெட்சிச் செடிகள் இருந்தன. உயரம் கம்மிதான். ஆனால் கொத்துக் கொத்தாகச் சிவப்பாய்ப் பூக்கும். ஒன்றின் அடியில் முயல் குடியிருந்தது. மற்றதன் அடியில் கௌதாரி வருடா வருடம் முட்டையிடும். இரண்டுக்கும் யானை தினமும் தண்ணீர் ஊற்றி வந்தது.

அந்தக் கோடையில் குளம் பாதியாக வற்றியது. யானை இருவரையும் கூப்பிட்டது.

"இனி வாரத்துக்கு ஒரு துதிக்கைத் தண்ணீர்தான். ஒரு மாதம் பார்ப்பேன். தாக்குப்பிடிக்கும் செடி இருக்கட்டும். வாடிப்போனால் பிடுங்கிவிடுவேன்!"

"முட்டையிடும் நாள் நெருங்குதே, யானையண்ணே! இந்த நிழல் போனால் முட்டை வெயிலில் வெந்துவிடும்!" என்றது கௌதாரி.

"உனக்கு முட்டைக் கவலை. இந்தக் குளத்தை நம்பி வரும் மானுக்குத் தாகம். நான் என்ன செய்ய?"

முயல் பயந்துவிட்டது. உச்சிவெயிலில் எல்லாரும் கண்ணயரும்போது குளத்தில் முங்கியது. நனைந்த உடம்போடு ஓடிவந்து, தன் செடியின் அடியில் உதறியது. இப்படியே தினமும் செய்தது.

கௌதாரியின் செடி பாதி இலையை உதிர்த்தது. ஒரு பூகூட இல்லை.

"என்ன தங்கச்சி, செடிக்கு மொட்டை போட்டுவிட்டாயா?" என்று முயல் சிரித்தது.

"சொன்ன தண்ணீரைத்தான் அது குடிக்குது. நீ உன் வேலையைப் பார்!"

மாதம் முடிந்தது. முயலின் செடியில் ஒன்பது பூங்கொத்து! கௌதாரியின் செடி பூக்காவிட்டாலும் வாடவில்லை. யானை அசந்துபோனது.

"அடேயப்பா! வெட்சிக்கு இவ்வளவு தண்ணீரே அதிகம் போலிருக்கிறதே! அப்படியானால் மழை வரும்வரை இரண்டுக்கும் ஒரு சொட்டும் கிடையாது!"

முயலுக்கு உண்மையைச் சொல்லத் துணிவில்லை.

சில நாளில் குளம் சேறானது. முங்கினால் சேறுதான் ஒட்டியது. முயலின் செடி ஒரே வாரத்தில் காய்ந்தது. யானை லேசாக இழுத்தது. செடி துதிக்கையோடு வந்துவிட்டது.

"வேர் ஆழமாகப் போகவே இல்லையே! தினமும் யாரோ மேல்மண்ணை நனைத்திருக்கிறார்கள். ஏ முயலே, உன் முதுகில் ஏன் இவ்வளவு சேறு?"

முயல் தலைகுனிந்தது.

யானை அடுத்த செடியையும் இழுத்துப் பார்த்தது. அது அசையவில்லை.

"விடு அண்ணே! அடியில் முட்டை இருக்கு!" என்று கத்தியது கௌதாரி.

யானை குனிந்து பார்த்தது. ஆறு முட்டைகள் இருந்தன. மேலே புதுத் தளிரும் இரண்டு மொட்டும் விட்டிருந்தன. ஈரத்தைத் தேடி வேர் ஆழமாக இறங்கியிருந்தது. யானை துதிக்கையை எடுத்துக்கொண்டது.

அன்று மதியம் முயல் வந்து நின்றது.

"தங்கச்சி, கொஞ்சம் நிழல் தருவாயா?"

"உன் பொய்யால் என் செடிக்கு வந்த தண்ணீரும் நின்றது. மொட்டை என்று சிரித்தாய். இந்த மொட்டைச் செடியின் நிழல் என் முட்டைக்குத்தான் போதும்."

"மன்னித்துவிடம்மா!"

"மன்னித்துவிட்டேன். இடம் மட்டும் கிடையாது!"

சோதனையில் ஏமாற்றி ஜெயிக்கிறவர், தன்னால் தாங்க முடியாத அடுத்த சோதனையைத் தானே வரவழைத்துக்கொள்கிறார்.