பாதம் துடைத்த துணி

கடலோரக் கிராமத்துக் கத்தோலிக்கப் பங்கு ஒன்றில் இஞ்ஞாசி சாமியார் இருந்தார். சாமியாராவதற்குக் குருமடத்தில் படித்துக்கொண்டிருந்த தார்சிஸ் பிரதர் ஒரு வருடம் அவரோடு தங்கிப் பழக வந்திருந்தான். குருமடத்துக்குப் போகுமுன்னே கல்லூரியில் நுண்கிருமிப் படிப்பு படித்தவன்.

வந்த நாளிலிருந்து ஒரே கேள்வி.

“சாமி, ஒரு கையில விசுவாசம், ஒரு கையில விஞ்ஞானம். எந்தக் கையை விட?”

“சாப்பிடு, மீன் ஆறுது” என்பார் சாமியார்.

பெரிய வெள்ளிக்கிழமை வந்தது. அன்றைக்கு ஊரே வரிசையில் வந்து சிலுவை ஆண்டவரின் பாதத்தில் வாய் வைத்து முத்தி செய்யும். சாமியார் சிலுவையைப் பிடித்திருப்பார். ஒவ்வொரு வாயும் விலகியதும் பிரதர் வெள்ளைத் துணியால் பாதத்தைத் துடைப்பான். எல்லாருக்கும் ஒரே துணி. அதைத் துவைக்கிற வழக்கமும் இல்லை. ஆண்டவர் பாதம் பட்டதாம். மறு வருடம் சாம்பல் புதனுக்கு எரிப்பார்கள்.

வரிசையில் வெளியூர்ப் பெண் ஒருத்தி வந்தாள். கழுத்து வீங்கிக் கிடந்தது. இருமிக்கொண்டே முத்தி செய்தாள். தார்சிஸின் கை ஒரு நொடி நின்றது. பிறகு துடைத்தது. அவளுக்குப் பின்னால் உள்ளூர்க்காரி ரெஜினாளின் பிள்ளைகள் இரண்டும் நின்றன.

எட்டாம் நாள் ரெஜினாளின் மகள் பெனிட்டா செத்துப்போனாள். நாலு வயது. தொண்டை அடைப்பான் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கொண்டுவந்தது பிந்திப்போச்சு என்றார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம் ரெஜினாள் கோயிலுக்கு வந்தாள்.

“பிரதர், மூத்தவனுக்கும் தொண்டை கட்டிருச்சு. அந்தத் துணியைத் தாங்க.”

“எந்தத் துணி?”

“ஆண்டவர் பாதம் தொடச்ச துணி. அவன் கழுத்துல கட்டணும்.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கக்கா.”

“ஒண்ணைக் கொண்டுபோனேன். பெட்டியில தந்தாங்க. துணியைத் தாங்க.”

“சாமிகிட்ட கேட்டுட்டு வாரேன். வீட்டுக்குப் போங்க” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

“சாமி, ரெஜினா மூத்தவன் கழுத்துல கட்ட அந்தப் பாதம் தொடச்ச துணியைக் கேக்குறா. உண்மையைச் சொன்னா அவ விசுவாசம் செத்துரும். சொல்லாட்டா பையன் செத்துருவான்.”

“துணியைக் கொண்டா.”

கொண்டுவந்தான். சாமியார் அதை வாங்கி அவன் வாய்க்கு நேரே நீட்டினார்.

“முத்தி செய்.”

தார்சிஸ் பின்வாங்கினான்.

“ஏன்?”

“கிருமி இருக்கும், சாமி.”

“உன் வாய்னதும் படிப்பு ஞாபகம் வருதே. அன்னைக்கு?”

“சந்தேகப்பட்டேன். சொன்னா அவிசுவாசமாயிருமோன்னு…”

“அப்போ ஊருக்கு விசுவாசம், உனக்கு விஞ்ஞானமா?”

தார்சிஸ் துணி தொட்ட கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

“சிலுவையைப் பிடிச்சிருந்தது நான். அவ கழுத்தை நானும்தான் பார்த்தேன். வரிசை இன்னும் நீளமா இருக்கேன்னு மட்டும் நெனச்சேன்.” சாமியார் துணியை ஒரு பையில் போட்டு இறுக முடிந்தார். “போய் ஆட்டோவைக் கூப்பிடு.”

ரெஜினாள் வீட்டில் பையன் பாயில் கிடந்தான். மூச்சு ரம்பம் இழுக்கிற மாதிரி கேட்டது. பக்கத்தில் அவள் தம்பி விசிறிக்கொண்டிருந்தான்.

“துணி கொண்டாந்தீங்களா, பிரதர்?”

“அக்கா, அந்தத் துணியாலதான் பிள்ளைகளுக்கு வந்திருக்கும். எனக்கு அன்னைக்கே சந்தேகம். நான் வாயைத் திறக்கல.”

ரெஜினாள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சா தொடச்சீங்க?”

“ஆமா.”

“படிச்ச பிரதர் வந்திருக்காருன்னு நான்தான் ஊர்பூராவும் பெருமை பேசினேன்.” சாமியார் பக்கம் திரும்பினாள். “என் பிள்ளை முத்தி செய்யும்போது ஆண்டவர் என்ன செஞ்சிட்டிருந்தாரு, சாமி?”

சாமியார் குனிந்து பையனைத் தூக்கினார்.

“இவனுக்கு இன்னும் மூச்சு இருக்கு, ரெஜினா. வாசல்ல ஆட்டோ நிக்குது. ஏறி உக்காந்து எங்களை ஏசு.”

அவள் ஏறினாள். தம்பியும் ஏறினான். தார்சிஸ் கம்பியைப் பிடித்தபோது, “நீங்க வரவேண்டாம்” என்றாள்.

ஆட்டோ போய்விட்டது.

“பையன் பிழைப்பானா, சாமி?”

“தெரியல. அன்னைக்கு அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால யாரு நின்னது?”

தார்சிஸ் கண்ணை மூடினான். “ரோச் அண்ணன் வீடு. அப்புறம் ஐஸ் கம்பெனிக்காரங்க. அதுக்கப்புறம்… சாமி, நானூறு பேர்.”

“ரோச் வீட்டுலேருந்து ஆரம்பிப்போம்.”

“என்ன சொல்ல?”

“அவகிட்ட சொன்னதை.”

“சொல்லிட்டா இந்த ஊர்ல என்னை யாரு மதிப்பா?”

சாமியார் முன்னால் நடந்துகொண்டிருந்தார்.

ரோச் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தார்சிஸ் விரல் முட்டியால் மெல்லத் தட்டினான். யாரும் வரவில்லை.

“எந்தக் கையை விடன்னு நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல, சாமி.”

“கடல் இரைச்சல்ல உள்ள கேக்காது” என்றார் சாமியார். “ரெண்டு கையாலயும் தட்டு.”