குளத்து வழியில் பனங்காய் வண்டிகள்

காட்டுக் குளத்தின் ஓரமாக ஒரு பாதை. பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் குட்டை. அதில் பச்சையம்மா என்றொரு தவளை தன் தலைப்பிரட்டைக் குஞ்சுகளோடு குடியிருந்தது.

கோடை வந்து குட்டை வற்றத் தொடங்கியது. 'நாளைக்குக் காலையில் பிள்ளைகளை வாயில் கவ்விக் குளத்தில் விட்டுவிட வேண்டியதுதான்' என்று தவளை முடிவு செய்தது.

விடிந்து பார்த்தால், பாதையின் இரண்டு பக்கமும் முள்வேலி! மயில் காவலுக்கு நின்றது.

"என்ன அநியாயம் இது? யாரு வழியை அடைச்சது?"

"நரியார் உத்தரவு! இன்னைக்குப் பனங்காய் வண்டிப் பந்தயம். சாயங்காலம் வரைக்கும் யாரும் குறுக்கே போகக் கூடாது!"

நுங்கு தின்றுபோட்ட பனங்காய் இரண்டைக் குச்சியில் கோத்து, மேலே ஏறி உட்கார்ந்து, சரிவில் கடகடவென்று மூன்று சுற்று உருண்டு வரவேண்டும். அதுதான் பந்தயம். முயல், கீரி, குரங்கு மூன்றும் ஓட்டின. மற்றவையெல்லாம் மரத்தில் ஏறிக் கைதட்டின.

"சாயங்காலம் வரைக்கும் என் பிள்ளைங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடக்குமா?" என்று தவளை கத்தியது.

மேட்டிலிருந்து நரி இறங்கி வந்தது. "ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதா? நம்ம காட்டுக்கே எவ்வளவு பெருமை!"

"உங்க பெருமையைத் தூக்கி உடைப்பிலே போடுங்க! எனக்கு வழியை விடுங்க!"

"ஒரு தவளைக்காகக் காடே நிற்குமா? போ, போ!"

வெயில் ஏறியது. குட்டை சேறாகிவிட்டது. "அம்மா, சுடுதும்மா!" என்று குஞ்சுகள் துடித்தன. நாலைந்து வயிறு மேலே தெரிய மல்லாந்துவிட்டன. பெற்ற வயிறு சும்மா இருக்குமா?

குஞ்சைக் கவ்விக்கொண்டு முள்ளுக்குள் நுழைந்தால் முள் குஞ்சைக் குத்திவிடும். ஆகவே தவளை தான் மட்டும் நுழைந்தது. முதுகுத் தோல் கிழிந்தது. கிழியட்டும் என்று போய் நடுப்பாதையில் உட்கார்ந்துகொண்டது.

சரிவில் முதல் ஆளாக முயல் பறந்து வந்தது. "ஓரம் போ! ஓரம் போ!"

"போக மாட்டேன்! ஏத்துடா பார்க்கலாம்!"

முயல் வண்டியை வெடுக்கென்று திருப்பியது. வண்டி குட்டைப் பக்கத்து வேலியை உடைத்துக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. கீரியும் குரங்கும் நிற்காமல் தாண்டிப் போயின.

"அறிவிருக்கா உனக்கு? நான்தான் முதல்ல வந்துக்கிட்டிருந்தேன்!" என்று முயல் எழுந்து சீறியது.

"நீ முதல்ல வந்தா என்ன, கடைசியில வந்தா என்ன? கண்ணைத் திறந்து குட்டையைப் பாருடா, பாவி!"

முயல் பார்த்தது. அதன் காதுகள் தொங்கிவிட்டன. "எனக்குத் தெரியாதே அக்கா..."

"தெரியாதா? நேத்து முள்ளைக் கவ்விக்கிட்டு இந்தப் பக்கமாப் போனது யாரு? 'எதுக்குத் தம்பி முள்ளு?'ன்னு கேட்டேன். 'உனக்கு எதுக்கு அதெல்லாம்?'னு கேட்டுட்டுப் போனவன்தானே நீ!"



"முயலே! வண்டியைத் தூக்கிக் கட்டு! இன்னும் ரெண்டு சுற்று இருக்கு!" என்று மேட்டிலிருந்து நரி கூவியது.

"நீயே வந்து ஓட்டிக்கோ!" என்று முயல் திருப்பிக் கத்தியது. கவிழ்ந்த வண்டியிலிருந்து ஒரு பனங்காயைப் பிடுங்கியது. நுங்கு எடுத்த குழிகளில் சேற்றுத் தண்ணீரோடு குஞ்சுகளை அள்ளியது. குளத்துப் பக்கத்து வேலியைப் பின்னங்காலால் உதைத்துத் தள்ளியது. "ஐயோ, வேலி!" என்று மயில் அலறியது. யாரும் காதில் வாங்கவில்லை.

முயலும் தவளையும் மாறி மாறி ஓடின. உயிரோடு இருந்த குஞ்சுகள் எல்லாம் குளத்துக்குள் போய்விட்டன. மற்றவை சேற்றிலேயே காய்ந்து கிடந்தன.

தூரத்தில் குரங்கு ஜெயித்துவிட்டது. ஒரே ஆரவாரம்!

முயல் மூச்சு வாங்கியபடி சொன்னது: "பாதியையாவது காப்பாத்திட்டோமே அக்கா."

தவளை அதை நிமிர்ந்து பார்த்தது. "செத்த பாதியையும் நான்தான்டா பெத்தேன்!" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் குதித்தது.

நாலு பேர் நடக்கிற வழியை அடைத்து ஓடி வாங்கும் வெற்றி, நாலு பேர் வயிற்றில் அடித்து வாங்கிய வெற்றியே.