மூன்றாவது கூப்பாடு

"நெஞ்சைத் தட்டிப் பார்த்தாச்சு, முதுகைத் தட்டிப் பார்த்தாச்சு. மனுஷன் இரும மாட்டேங்கிறார் மேடம்" என்றார் கார்மேகம்.

கால்பந்து வீரர்களின் முழங்காலைச் சரிசெய்து பேர் வாங்கிய பிசியோதெரபிஸ்ட் அவர். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் புதிது. இங்கே அவருக்கு ஆசான் மெர்சலின். வயதில் அவரைவிட இளையவர்.

மெர்சலின் ஓரத்துக் கட்டிலைப் பார்த்தார்.

கட்டிலில் இசக்கியப்பன். குடல் ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டியிருந்தது. தொண்டைக் குழாயைக் காலையில்தான் எடுத்திருந்தார்கள். சளி வெளியே வராவிட்டால் சாயங்காலம் மறுபடியும் குழாய், மறுபடியும் மெஷின் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இருமுங்கள் என்றால் இசக்கியப்பன் பணிவாகத் தலையை ஆட்டுவார். வருகிற இருமலை விழுங்கிக்கொள்வார்.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று மெர்சலின் கேட்டார்.

கோர்ட்டில் டவாலி. நீதிபதிக்குப் பக்கத்தில் நின்று, ஆட்களை மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை.

சாதாரணக் கூப்பாடு இல்லை அது. பாளையங்கோட்டையில் அவர் கூப்பிட்டால், தூத்துக்குடிக்குத் தப்பி ஓடுகிறவன் வல்லநாட்டில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிடுவான். ஒருதடவை "சுடலைமுத்து" என்று கூப்பிட்டதற்கு, போன வருஷம் செத்துப்போன சுடலைமுத்து படியேறி வந்து, இது வேறு ஆள் கேஸ் என்று தெரிந்து திரும்பிப் போனார். நம்புகிறவர்கள் நம்பலாம்.

"அப்புறம் இருமுறதுக்கு என்ன?" என்றார் மெர்சலின்.

"ஐயாமாரு முன்னால இருமப்படாதுல்லா" என்று கிசுகிசுத்தார் இசக்கியப்பன். அவர் கண் கார்மேகத்தின் வெள்ளைக் கோட்டில் இருந்தது.

கார்மேகம் அவசரமாகக் கோட்டைக் கழற்றப் போனார்.

"கோட்டு கிடக்கட்டும் அண்ணாச்சி. நீங்க வெளியே போங்க."

கார்மேகத்தின் முகம் தொங்கிப்போயிற்று. வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

மெர்சலின் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தினார். இசக்கியப்பனை நிமிர்த்தி உட்காரவைத்து, தையல் இழுக்காமலிருக்க ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளச் சொன்னார்.

பிறகு கதவைக் காட்டினார்.

"அவர் பேரு கார்மேகம். கூப்பிடுங்க."

இசக்கியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பழக்கம் விடுமா? மூச்சை இழுத்தார்.

"கார்மேகம்..."

கொசு பறந்த மாதிரி இருந்தது. வெளியே கார்மேகம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தடவை கூப்பிட்டபோது பக்கத்துக் கட்டில் நர்ஸ் திரும்பிப் பார்த்தார். கார்மேகம் திரும்பவில்லை.

"மூணாவதுக்கும் வரலைன்னா?" என்றார் மெர்சலின்.

"பிடிவாரண்டுல்லா."

இசக்கியப்பனுக்குக் கவலை வந்துவிட்டது. நல்ல மனுஷன். கூப்பிடுவது தெரியாமல் வெளியே நிற்கிறார். ஒரு கூப்பாட்டில் அவர் பிழைப்பு போய்விடக் கூடாது.

தலையணையை இறுக்கினார். விலா விரிந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பியது மூச்சு.

"கார்மேகம்!"

மானிட்டர்கள் கூவின. கீழே வாசலில் செக்யூரிட்டி எழுந்து சல்யூட் அடித்தார். கார்மேகம் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்.

கூப்பாட்டின் வால் இருமலாக முறிந்தது. அதன் முதுகில் இன்னொன்று. எந்த ஐயா முன்னால் என்று பார்க்க நேரமில்லை. மெர்சலின் கிண்ணத்தை நீட்டினார். பச்சைச் சளி கட்டியாக வந்து விழுந்தது.

இசக்கியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாய்ந்தார். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு மெல்ல ஏறியது. குழாய் போடத் தயாராக வைத்திருந்த தட்டை நர்ஸ் எடுத்துக்கொண்டு போனார்.

கார்மேகம் கிண்ணத்தைப் பார்த்தார். நோயாளியைப் பார்த்தார். நாளைக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்.

மெர்சலின் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு இன்னும் தள்ளி, லிப்ட் பக்கத்துல போய் நில்லுங்க அண்ணாச்சி."