கால் பங்கு தள்ளுபடி

ஒரு காட்டுக் குளத்தங்கரையில் கோமளி என்ற முள்ளம்பன்றி இருந்தாள். மற்ற முள்ளம்பன்றிகள் கிழங்கைத் தோண்டித் தின்னும். கோமளியோ தின்ன முடியாத காந்தள் கிழங்குகளை நட்டு, பூக்கிறதா என்று தினமும் போய்ப் பார்ப்பாள். அதில் அவளுக்கு அத்தனை ஆசை.

அந்த ஆசையை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒரு நாள் நரி வந்தார்.

"பூச்செடிச் சங்கம் ஆரம்பித்திருக்கிறோம். செயலாளர் நான்தான். உறுப்பினரானால் குரங்கார் கடையில் கால் பங்கு தள்ளுபடி. மூன்று பழத்துக்கு ஒரு காந்தள் கிழங்கு!"

"சந்தா எவ்வளவு?"

"பன்னிரண்டு விளாம்பழம். தள்ளுபடியிலேயே திரும்பி வந்துவிடும், அம்மா."

மழைக்காலத்துக்கென்று கோமளி சேர்த்து வைத்திருந்ததே பதினைந்து பழம்தான். பன்னிரண்டை எண்ணிக் கொடுத்தாள். நரி ஓர் அரச இலையில் நகத்தால் கீறி, உறுப்பினர் அட்டை என்று நீட்டினார்.

மறுநாள் காலை அந்த இலையோடு கடைக்குப் போனாள். அவளுக்கு முன்னால் ஒரு முயல் நின்றிருந்தார். குரங்கு அவரிடம் இரண்டு பழத்தை வாங்கிக்கொண்டு ஒரு கிழங்கைக் கொடுத்தார்.

கோமளி இலையைக் காட்டினாள்.

"வாங்க வாங்க. உங்களுக்கு மூணு பழம்," என்றார் குரங்கு.

"அவருக்கு இரண்டுதானே?"

"அவர் உறுப்பினர் இல்லையே, அம்மா. அவருக்குத் தள்ளுபடி கிடையாது. உங்களுக்கு நாலு பழம் விலை. அதில் கால் பங்கு தள்ளுபடி."

"எனக்கு மட்டும் ஏன் நாலு?"

"இரண்டு பழத்தில் எப்படிக் கால் பங்கு குறைப்பது? எனக்குக் கட்டுப்படி ஆக வேண்டாமா?"

கோமளியின் முதுகு முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஒன்றும் வாங்காமல் நேரே நரியின் புதருக்குப் போனாள். அங்கே நரி ஒரு விளாம்பழத்தை உடைத்துத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்திலேயே, 'குரங்கார் பங்கு' என்று கீறிய இலையோடு இன்னொரு குவியல் தனியாக இருந்தது.

"என் பழத்தைத் திருப்பிக் கொடுங்கள்."

"கொஞ்சம் பொறுங்கள், அம்மா. சங்கம் என்றால் பழம் மட்டும்தானா? ஒற்றுமை இல்லையா?"

"ஒற்றுமையா? நீங்களும் குரங்கும் சேர்ந்து தின்பதுதான் ஒற்றுமையா? மழைக்கு வைத்திருந்ததை உங்கள் வாயில் போட்டேனே, ஐயா!"

நரி நைசாக நழுவப் பார்த்தார். கோமளி திரும்பி நின்று, முட்களை விரித்துப் பின்பக்கமாகவே நடந்து வழியை அடைத்தாள். சத்தம் கேட்டு மயிலும் கீரியும் ஓடி வந்தார்கள். அவர்கள் கழுத்திலும் அதே அரச இலை தொங்கியது. முயலுக்கு என்ன விலை என்று கோமளி சொன்னதும் இருவரும் திகைத்துப்போனார்கள்.

"நான் மூணு மூணா இருபது கிழங்கு வாங்கிட்டேனே," என்று முனகினார் கீரி. "லாபம்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு வேற திரிஞ்சேன்."

மூவரும் நெருங்கி வரவே, நரி முட்புதரில் விழுந்து எழுந்து ஓடிப்போனார். குவியலில் மூவருக்குமாக மிஞ்சியது ஏழே பழம். மற்றதெல்லாம் ஏற்கெனவே வயிற்றுக்குள் போயிருந்தது. அந்த மழைக்காலத்தில் கோமளி பாதி நாள் பட்டினி கிடந்தாள்.

ஆனாலும் காந்தள் நடுவதை அவள் விடவில்லை. கீரியிடம் கிழங்கும் மயிலிடம் விதையும் மாற்றிக்கொண்டு, மூவருமாகக் குளத்தங்கரையில் நட்டார்கள். அதற்குச் சந்தாவும் இல்லை, அட்டையும் இல்லை.

தள்ளுபடி எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், மற்றவருக்கு என்ன விலை என்று கேட்க வேண்டும்.