படலத்தின் மறுபக்கம்

செங்கோட்டுவேல் தன் ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். கோயம்புத்தூர்ப் பக்கம் இரும்பை உருக்கி வார்க்கும் ஒரு வார்ப்பாலையில் பல வருடம் உலையைப் பார்த்துக்கொண்டவர். அதை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தில் பேராசிரியை ஜெசிந்தாவிடம் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார்.

காரணம் சடையப்பன். உலையடியில் கூட வேலை பார்த்த நண்பர். ஒருநாள் வாசனையே இல்லாத நச்சுவாயு கசிந்தது. எச்சரிக்கை மணி அடிக்கவில்லை. மணிக்கு மின்சாரம் கொண்டுபோன வயர் சூட்டில் வெந்து அறுந்திருந்தது. சாய்ந்த சடையப்பன் எழுந்திருக்கவில்லை.

உலையிலிருந்து வீணாகப் போகும் சூட்டிலிருந்தே அந்த மணிக்கு மின்சாரம் எடுக்க வேண்டும். செங்கோட்டுவேலுக்கு வேறு நினைப்பே இல்லை. தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலத்தை ஆய்வகத்தில் செய்து முடித்தார். சூட்டை மின்சாரமாக்கும் படலம்.

கூடவே வேலை செய்த இளைய மாணவி ஃபர்ஹானா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணா, ஆலையில இது கொஞ்ச நேரந்தான் தாங்கும். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி. அந்த வித்தியாசம் இருந்தாத்தான் கரண்ட். இவ்வளவு மெல்லிசுல சூடு சீக்கிரமே மறுபக்கம் வந்துடும். மேல அலுமினியத் தகடு வச்சு சூட்டை வெளியேத்தணும்."

"அங்க பறக்குற கரித்தூசி உனக்குத் தெரியுமா? தகடெல்லாம் ஒரே வாரத்துல அடைச்சுக்கும். ஒட்டுனோமா, மறந்தோமான்னு இருக்கோணும்."

"தூசி அடைக்கும், சரி. ஆனா தகடு இல்லன்னா மணியே அடிக்காதே."

அவர் எழுந்து நேராக ஜெசிந்தாவின் அறைக்குப் போனார்.

"மேடம், அந்தப் புள்ளைய வேற வேலைக்கு மாத்திருங்க. நான் எதைச் சொன்னாலும் ஏட்டிக்குப் போட்டி. சடையப்பனைத் தோள்ல போட்டுட்டு ஓடுனவன் நானுங்க. அவளுக்கு என்ன தெரியும்?"

ஜெசிந்தா மேசையிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை ஆலைக்குப் போவோம். உங்க இஷ்டப்படியே ஒட்டுங்க."

"அந்தப் புள்ள?"

"அவங்களும் வரட்டும்."

வியாழக்கிழமை காலை, உலையின் புகைக்குழாயில் செங்கோட்டுவேல் படலத்தை ஒட்டினார். மணிக்கு மின்சாரம் வருவதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. பழைய கூட்டாளிகள் கைதட்டினார்கள்.

"சடையப்பன் பார்த்திருக்கோணும்" என்றார் ஒருவர்.

செங்கோட்டுவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

எல்லோரும் டீ குடித்துவிட்டு வந்தபோது விளக்கு மங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

"கிழிஞ்சு போச்சுங்களா?" என்றார் செங்கோட்டுவேல்.

ஜெசிந்தா சோதித்துப் பார்த்தார். "படலம் நல்லா இருக்கு."

"உலைச் சூடும் குறையலீங்களே!"

"குறையல. இப்ப ரெண்டு பக்கமும் அதே சூடு."

கூட்டாளிகள் ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஃபர்ஹானா தன் பையைத் திறந்தாள். உள்ளே அலுமினியத் தகடுகள் இருந்தன.

"வைக்கட்டுமா அண்ணா?"

செங்கோட்டுவேல் அணைந்த விளக்கை ஒருமுறை பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

தகடுகளைப் பொருத்தினாள். விளக்கு லேசாக மினுங்கியதோடு சரி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். செங்கோட்டுவேல் குழாயைச் சுற்றி வந்தார். காற்று வருகிறதா என்று கையை நீட்டிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் காத்தே இல்ல. அந்தப் பக்கம் வைக்கலாம், கதவைப் பாத்த மாதிரி. அங்க தூசியும் கம்மி. புடி."

இருவரும் சேர்ந்து படலத்தையும் தகடுகளையும் கழற்றிக் குழாயின் மறுபக்கம் மாட்டினார்கள். விளக்கு மெதுவாக எரியத் தொடங்கியது. மாலை வேலை முடியும்வரை எரிந்தது. கடைசியாகச் சோதனைக்குக் கொஞ்சம் வாயுவைத் திறந்துவிட்டார்கள்.

மணி அடித்தது.

இந்த முறை யாரும் கைதட்டவில்லை. வயதான ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், வேனின் முன் இருக்கையில் ஃபர்ஹானா கரி படிந்த கையோடு தூங்கிப்போயிருந்தாள். பின்னால் செங்கோட்டுவேல் பக்கத்திலிருந்த ஜெசிந்தாவிடம் திரும்பினார்.

"மேடம், காலையில விளக்கு அணையும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அத்தனை பேர் முன்னாடி நின்னேனுங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்களா?"

"சொல்லியாச்சே" என்றார் ஜெசிந்தா, முன் இருக்கையில் தூங்குகிறவளைப் பார்த்தபடி. "குரல் மட்டும்தான் என்னோடது இல்ல."