பிலிம் விலை ஏறிய வருஷம்

பிலிம் விலை மறுபடியும் ஏறியபோது, செலஸ்டினாவின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பாதிப் பேர் நின்றுபோனார்கள்.

செலஸ்டினாவுக்கு முப்பத்தாறு வயது. தூத்துக்குடியில் சரக்கு வைக்கும் பழைய கிட்டங்கி ஒன்றை வாடகைக்குப் பிடித்து, ஒரு மூலையைத் தடுத்து இருட்டறை ஆக்கியிருந்தாள். பிலிம் கேமராவில் படம் எடுக்கவும், எடுத்ததைத் தானே கழுவிப் பிரிண்ட் போடவும் கற்றுக்கொடுப்பாள்.

நின்றுபோகாதவர்களில் தவசிமுத்து ஒருவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயதில் அவளைவிட ரொம்ப மூத்தவர். இருந்தும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அவர் நிற்கவில்லையே தவிர, அவருடைய கேமரா கிட்டத்தட்ட நின்றுவிட்டது. ஒரே ரோலை மாசக்கணக்கில் வைத்துக்கொண்டு அலைந்தார். எதையாவது பார்ப்பார், கேமராவைத் தூக்குவார், இதற்குத் தகுமா என்று தன்னையே கேட்பார், இறக்கிவிடுவார்.

அப்படித்தான் ஒரு நாள் உச்சி வெயிலில் உப்பளத்துக்குப் போயிருந்தார். ரோலில் மிஞ்சியிருந்தது இரண்டே படம். சாயங்கால வெளிச்சம், குவித்து வைத்த உப்பு அம்பாரத்தின் மேல் விழும்போது எடுக்கலாம் என்று காத்திருந்தார்.

வேலை முடிந்து கரையேறிய ஒரு பெண் அவர் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடுத்துத் தருவீகளா?"

அவள் பெயர் செல்லக்கனி. பின்னால் அவள் புருஷன் இளங்காமணி கூச்சத்தோடு நின்றான். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது.

"செல்லுல எடுக்கலாமே, தாயி."

"செல்லுல எத்தனையோ கெடக்கு. மக எடுத்தா. புது வீட்டுச் சுவத்துல மாட்ட ஒண்ணு வேணும். ஆணிகூட அடிச்சாச்சு."

மாட்டேன் என்று சொல்ல தவசிமுத்துவுக்கு வாய் வரவில்லை. எடுக்கவும் மனசு வரவில்லை. கேமராவைக் கண்ணில் வைத்தார். நாக்கை மேலண்ணத்தில் தட்டி 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுத்தார்.

செல்லக்கனி கும்பிட்டாள். தூக்குவாளியில் இருந்த மோரை அவருக்கு ஊற்றிக் கொடுத்தாள். அவரும் குடித்தார். எங்கே வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று கேட்டாள். வேறு வழியில்லாமல், ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும் கிட்டங்கியின் அடையாளத்தைச் சொன்னார்.

சாயங்காலம் எடுத்த உப்பு அம்பாரப் படம் இரண்டும் கழுவியபோது அருமையாக வந்திருந்தன.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை பிரிண்டை டீச்சரிடம் நீட்டினார். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லா இருக்கு அண்ணாச்சி. ஆள் யாரும் இல்லையோ?"

"அந்நேரத்துக்கு எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாவ."

அவள் தலையாட்டினாள்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். விலை இந்தப் போக்குல போனா, எதை எடுக்க, எதை விடன்னு எப்படி முடிவு பண்ண?"

"நீங்க எப்படிப் பண்ணுதீங்க?"

"நல்லா வரும்னு தெரிஞ்சா எடுப்பேன்."

"தெரியலைன்னா?"

"விட்டுருவேன்."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் ஆள் சத்தம் கேட்டது. செல்லக்கனியும் இளங்காமணியும் குளித்து, துவைத்த துணி உடுத்தி, படம் வாங்க வந்திருந்தார்கள்.

தவசிமுத்து வாசலுக்குப் போனார்.

"அது... படம் சரியா விழலை, தாயி."

செல்லக்கனியின் முகம் சுருங்கியது. ஆனால் கோபம் வரவில்லை. புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் சொன்னேம்லா? கண்ணைச் சிமிட்டிருப்பேன். எங்க கல்யாணத்துல படம் எடுத்தவரும் இதையேதான் சொன்னாரு. நான் கண்ணை மூடினதுலதான் படம் கெட்டுப்போச்சாம். ஒண்ணுகூடத் தரலை." பிறகு தவசிமுத்துவிடம், "உங்க மேல தப்பில்ல அண்ணாச்சி. என் மூஞ்சி அப்படி. பிலிம் வேற விலை கூடிப்போச்சுன்னு சொல்லுதாவ. வீணாக்கிட்டேன்" என்றாள்.

இருவரும் போய்விட்டார்கள்.

தவசிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். நாக்கைத் தட்டியதையும் மோரைக் குடித்ததையும் சொன்னார்.

செலஸ்டினா எழுந்து போய் பிரிட்ஜைத் திறந்தாள். தண்ணீர் பாட்டிலுக்குப் பக்கத்தில், கெடாமல் இருக்க வைத்த ஒரே ஒரு பிலிம் ரோல் இருந்தது. மாதா கோயில் தேரைப் படம் எடுக்கவென்று அவள் எடுத்துவைத்திருந்தது அது. அதை அவருடைய கேமராவில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"டீச்சர், இது உங்க..."

"நாளைக்கு உப்பளத்துக்குப் போவோம்."

"சாயங்காலமா? வெளிச்சம் அப்பதான்..."

"அவங்க மத்தியானம்தானே கரையேறுவாங்க?"

மறுநாள் மத்தியானம் போனார்கள். வெயில் உப்பில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்தது. உப்பளக் கரையில் இருந்த ஓலைக் கொட்டகைக்குள் செல்லக்கனியும் இளங்காமணியும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். தவசிமுத்து கேமராவைத் தூக்கப் போனார். செலஸ்டினா அவர் கையை மெல்ல அமர்த்தினாள். தரையில் உட்கார்ந்தாள். அவரும் உட்கார்ந்தார்.

பேச்சு எங்கெங்கோ போயிற்று. இந்த வருஷத்து மழை, திருப்பூரில் வேலை பார்க்கும் மகள், புது வீட்டில் கொல்லைக் கதவு சரியாகச் சாத்தாதது. செலஸ்டினா கேட்டுக்கொண்டே இருந்தாள். தவசிமுத்து மட்டும் கேமரா வாரை முறுக்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் சொல்லிவிட்டார்.

"தாயி, அன்னைக்கு நான் படமே எடுக்கலை. பிலிமுக்குக் கஞ்சத்தனப்பட்டு வாயால சத்தம் மட்டும் கொடுத்தேன். நேத்தும் பொய்தான் சொன்னேன்."

இளங்காமணி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

செல்லக்கனி கேட்டாள்: "அப்ப நான் கண்ணைச் சிமிட்டலையா?"

"இல்ல தாயி. கண்ணைத் திறந்துதான் நின்னீக. உங்க மூஞ்சில ஒரு குறையும் இல்ல."

அவள் இளங்காமணியிடம், "ஏங்க, அந்தக் கல்யாணப் போட்டோக்காரரும் இப்படித்தான் பண்ணிருப்பாரோ?" என்றாள்.

"பண்ணிருப்பாரு" என்றான் இளங்காமணி. "பிலிமே போட்டிருக்க மாட்டாரு. நீ இம்புட்டு வருசமா உன் கண்ணைக் குறை சொல்லி வஞ்சிட்டு கெடந்த."

செல்லக்கனிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைக் கையால் மூடினாள். அடங்கவில்லை. இளங்காமணி அவள் கையைப் பிடித்து விலக்கி அவள் முகத்தைப் பார்த்தான்.

தவசிமுத்து படம் எடுத்துவிட்டார். தகுமா என்று கேட்க மறந்துபோயிருந்தது.

மறுகணமே பயம் வந்தது. "கை ஆடிருக்கும் டீச்சர். அவரு இந்தப் பக்கம் பாக்கவே இல்ல."

"இருக்கட்டும். இன்னொண்ணு எடுங்க."

இருவரையும் ஒழுங்காக நிற்கவைத்து ஒன்று எடுத்தார். அதற்குள் பக்கத்துப் பாத்திகளில் வேலை செய்தவர்களும் வந்துவிட்டார்கள். ஒவ்வொருவரோடும் உட்கார்ந்து பேசிப் பேசி எடுத்ததில் பொழுது சாய்ந்தது. அம்பாரத்தின் மேல் அந்த வெளிச்சம் விழுந்தபோது ரோல் முடிந்திருந்தது. தவசிமுத்து அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

பிரிண்டுகளை அவரே போட்டார். செல்லக்கனி வீட்டுக்கு இரண்டு படத்தையும் கொண்டுபோனார்கள். ஒழுங்காக எடுத்தது கண்ணாடி மாதிரித் துல்லியமாக இருந்தது. அதைத்தான் முதலில் நீட்டினார்.

செல்லக்கனி அதைப் பார்த்துவிட்டு மற்றதைக் கையில் எடுத்தாள். அதில் அவள் கை கலங்கலாகத்தான் விழுந்திருந்தது. ரொம்ப நேரம் கீழே வைக்கவில்லை.

"இவரு என்னை இப்படிப் பாக்கறதை நான் பாத்ததே இல்ல" என்றாள்.

இளங்காமணி கொல்லைக் கதவைச் சரிபண்ணுகிறவன் மாதிரி எழுந்து போனான். செல்லக்கனி அந்தப் படத்தையே மாட்டினாள்.

அதற்குப் பிறகு, பங்கு போட்டு ரோல் வாங்கலாம் என்று செலஸ்டினா சொல்ல, நின்றுபோனவர்கள் ஒவ்வொருவராக ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குத் திரும்பினார்கள். எல்லாருமாகச் சேர்ந்து ஒரு ரோல் வாங்கி உப்பளத்துக்கும் மீன் ஏலக்கூடத்துக்கும் போனார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று படம்தான் கிடைத்தது. யாரும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் அப்படிப் போய்த் திரும்பும் வழியில் தவசிமுத்து சொன்னார்:

"டீச்சர், விலை இன்னும் ஏறுமாம்."

"ஏறும்."

"ஒரு ஆளுக்கு ஒரு படம்கூட எடுக்க முடியாமப் போயிட்டா, அப்ப என்ன செய்ய?"

செலஸ்டினா நடந்துகொண்டே சொன்னாள்:

"இன்னும் கொஞ்ச நேரம் அவங்ககூட உக்காந்திருப்போம் அண்ணாச்சி."