கொண்டை யாருதோ, ஊசி அவங்களுது

கேஸ் லைட் வெளிச்சத்தில் நாங்கள் ஊர் ஊராக நாடகம் போட்ட காலம் அது. எங்கள் கம்பெனி நாயகி ரத்தினவல்லிக்குத் தலை அலங்காரம் செய்தவள் பேச்சி. பேச்சியின் கொண்டையில் அவள் அம்மா கொடுத்த வெள்ளி ஊசி ஒன்று மின்னும். ரத்தினவல்லிக்கு அதன்மேல் கண்.

ஒருநாள் திரை தூக்கப்போகிற நேரம், எங்கள் எல்லோர் முன்னாலும் அவள் பேச்சியிடம் கை நீட்டினாள். “கொண்டை ஊசிங்கிற பேரை வச்சதே எங்க தாத்தாதான். அதனால அது எனக்குத்தான் சேரணும். இல்லேன்னா அந்தப் பேர் எப்படி வந்துச்சுன்னு நீ சொல்லு.”

பேச்சி சீப்பைக்கூடக் கீழே வைக்கவில்லை. “கொண்டையில குத்துற ஊசி, அதனால கொண்டை ஊசி. கொண்டை யாருதோ, ஊசியும் அவங்களுது. சரிதானுங்களேம்மா?”

தன் பெரிய கொண்டையைத் தடவிக்கொண்டே, “சரிதான்” என்றாள் ரத்தினவல்லி.

“அதுக்குள்ள இருக்கிற சவுரி என் தலையில உதிர்ந்த முடியைச் சேர்த்துக் கட்டினது. அப்போ அதுல குத்தியிருக்கிற ஊசியெல்லாம் நான் எடுத்துக்கட்டுமாம்மா?”

மணி அடித்துவிட்டது. நீட்டிய கையை அப்படியே கொண்டைமேல் வைத்துக்கொண்டு மேடை ஏறியவள், நாடகம் முடியும்வரை கையை எடுக்கவில்லை. ஜனங்கள் ஏதோ புது அபிநயம் என்று கைதட்டினார்கள். எங்காவது அரிதார வாசனை வந்தால், இன்றும் எனக்கு அந்தக் கைதட்டல்தான் கேட்கிறது.